ஸ்பெஷல் உப்பு

"சாமி, கொம்பையா உங்களுக்கு ஸ்பெஷலா?"

கேட்டவர் ஆவுடையப்பன். ஈச்சம்பாறை மடத்தின் மூத்த சீடர்.

கோமதிநாயகம் சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அப்படின்னா என்ன, வாத்தியாரய்யா?"

சீடரைக் காட்டிலும் குரு இருபது வயது இளையவர். ஆகையால் குரு சீடரை 'ஐயா' என்பார். சீடர் குருவைச் 'சாமி' என்பார். அம்மடத்தில் அது எவருக்கும் விந்தையாகப் பட்டதில்லை.

"ஸ்பெஷல்னா சிறப்பு. தனித்தன்மை. மத்ததிலேருந்து பிரிச்சு வைக்கத் தகுந்தது."

ஆயுளெல்லாம் ஆங்கிலம் கற்பித்த நாவு அது. கேட்ட மாத்திரத்தில் பொருளை அடுக்கிவிட்டது.

"அதுக்குத்தான் தமிழ்லேயே சொல் இருக்கே. பிறகு எதுக்கு அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்கீங்க?"

ஆவுடையப்பன் ஒரு கீரைக் கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார்.

'சிறப்பு' என்று கேட்டிருந்தால் கேள்வி குளிர்ந்துபோயிருக்கும். அவருக்கு அது குளிர்வதில் விருப்பமில்லை.

*

ஈச்சம்பாறை மடத்துச் சமையற்கட்டில் ஒரு நியமம் உண்டு. ஆதிகுருவின் சமாதிக்குப் படைக்கும் வரை, சமைத்ததை எவரும் நாவில் வைத்துப் பார்க்கலாகாது.

ஆகவே உப்பைக் கண்ணும் கையுமே தீர்மானிக்க வேண்டும்.

இருவர் தீர்மானித்தால் உணவு கெடும். ஒருவர் போட்டதை அறியாமல் மற்றவரும் போடுவார். சுவைத்துத் திருத்தவோ வழியில்லை. ஆதலின் அங்கே உப்பிடும் கை எக்காலத்தும் ஒன்றே. அதற்கு 'உப்புக் கை' என்று பெயர்.

அடுப்பை எவரும் மூட்டலாம். காயை எவரும் நறுக்கலாம். உப்புச் சட்டியைத் தொடுபவர் ஒருவர்தான்.

பல்லாண்டுகளாக அந்தக் கை ஆவுடையப்பனுடையது. மனைவி மறைந்த பின், வீட்டை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மடத்துக்கு வந்தவர் அவர். தம்முடையது என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் அவருக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றே.

அப்படியிருக்கையில், சென்ற ஆடி மாதம் கொம்பையா வந்து சேர்ந்தான்.

கல் குவாரிக்கு லாரி ஓட்டியவன். ஒருநாள் குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தான். மறுநாள் லாரியை முதலாளியிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு, தண்ணீர் நன்றாக இருந்தது என்றான்.

சாமி அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஆவுடையப்பன் சொன்ன எதற்கும் சாமி அவ்வாறு சிரித்ததில்லை.

அன்று தொடங்கியது.

ஆவுடையப்பன் பதிகம் பாடினால் சாமி கண்களை மூடிக் கேட்பார். கொம்பையா பாடினால் கண்களைத் திறந்து கேட்பார். இரண்டில் எது மேல் என்று ஆவுடையப்பன் நெடுநேரம் ஆராய்ந்தார். திறந்த கண்ணே மேல் என்று முடிவு செய்து மனம் புழுங்கினார்.

ஒருநாள் கொம்பையாவின் காலில் கருவேல முள் தைத்தது. சாமி அவன் பாதத்தைத் தம் மடிமீது வைத்து முள்ளை எடுத்தார்.

தம் காலில் முள் தைக்காததற்காக ஆவுடையப்பன் அன்று வருந்தினார்.

இவை யாவும் பொறுக்கக்கூடியவையே. பொறுக்கவியலாதது ஒன்று பின்னர் நிகழ்ந்தது. ஆவுடையப்பன் உப்பிடும் வேளையில் அருகே நின்று பார்த்துக்கொள்ளும்படி, சாமி கொம்பையாவைப் பணித்தார்.

கை மாறப்போகிறது என்பதை ஆவுடையப்பன் உணர்ந்தார். அதன் பின்னரே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

*

சாமி கீரைக் காம்புகளை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"நாளைக்குச் சாமான் வாங்க ஊருக்குள்ள போறீங்கல்லா. அந்தச் சொல்லு அங்க என்ன வேலை பாக்குன்னு பாத்துட்டு வாங்க."

"எனக்குத் தெரியாத பொருளா சாமி?"

"எனக்குத் தெரியலையே."

ஆவுடையப்பன் போனார்.

பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடையில் அந்தச் சொல் முதலில் எதிர்ப்பட்டது. ஒருவர் ஸ்பெஷல் டீ கேட்டார். கடைக்காரர் பழைய சக்கையை உதறிவிட்டுப் புதுத் தூள் போட்டார். பாலும் கூடுதலாக ஊற்றினார். சாதா டீ கேட்டு முன்னரே காத்திருந்த ஒருவர், வெந்நீர் கொதிப்பதைப் பார்த்தபடியே நின்றார்.

நின்றவர் ஆவுடையப்பன்.

உணவகத்தில் ஸ்பெஷல் சாப்பாடு இருந்தது. இம்முறை ஏமாறலாகாது என்று அவர் ஸ்பெஷல் கேட்டார். "ஒரு ஸ்பெஷல்" என்று பரிமாறுபவன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். கூடத்தில் இருந்தோர் திரும்பி அவரைப் பார்த்தனர். அந்தப் பார்வை பருப்புக்கு நெய் விட்டதைப் போல் இருந்தது.

சோறு அதே சோறு. சாம்பாரும் அதே வாளியிலிருந்துதான். மேலதிகமாக ஓர் அப்பளமும் ஒரு கிண்ணம் பாயசமும் வந்தன.

எதிரே இருந்தவரும் ஸ்பெஷல்தான். அவர் கிண்ணத்தில் முந்திரிப்பருப்பு கிடந்தது. ஆவுடையப்பன் தம் கிண்ணத்தை இறுதிவரை துழாவினார்.

திரும்பும்போது ஸ்பெஷல் பஸ் என்று பலகை மாட்டிய வண்டியில் ஏறினார். காலையில் அவரைக் கொண்டுவந்து இறக்கிய அதே வண்டி. அதே கிழிந்த இருக்கை. கட்டணம் மட்டும் மாறியிருந்தது. மடத்துக்குப் பாதை பிரியும் ஈச்சம்பாறை விலக்கில் நிற்காது என்று நடத்துநர் கூறிவிட்டார். அடுத்த ஊர்வரை சென்று, சாமான் மூட்டையோடு அவர் திரும்பி நடந்தார்.

வியர்வை வழிய வந்து நின்றவரைச் சாமி அமரச் சொன்னார். நடந்தவற்றை ஆவுடையப்பன் ஒன்றுவிடாமல் கூறினார். முந்திரியையும் கூறினார்.

"ஆக, பொருள் என்ன?"

"எல்லாருக்கும் கிடைக்கிறது இல்லைங்கறதுதான் பொருள் சாமி."

"உங்களுக்குக் கிடைச்சுதே."

"முந்திரி கிடைக்கலியே."

சாமி தலையசைத்தார். ஒப்புக்கொண்டாரா, ஒத்திவைத்தாரா என்பது விளங்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல அந்தச் சொல்லு உண்டா?"

"உண்டு. ஸ்பெஷல் கிளாஸ். நானே எத்தனையோ வருஷம் எடுத்திருக்கேன்."

அதைப் பற்றிக் கூறுகையில் ஆவுடையப்பனுக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. பாடத்தில் தேறாத பிள்ளைகளை மட்டும் மணி அடித்த பிறகும் இருத்திவைத்துக் கற்பிப்பார். ஒருநாள் ஒரு தாய் சினந்து வந்தாள். அடுத்த வீட்டுப் பையனுக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ் நடத்துகிறீர்களாம். என் மகளை ஏன் ஒதுக்கினீர்கள் என்று வாசலிலேயே நின்று வாதாடினாள். அவள் மகளோ வகுப்பில் முதல் மாணவி. சேர்த்துக்கொள்ளும்வரை நகரமாட்டேன் என்று அந்த அம்மாள் படியில் அமர்ந்துவிட்டாள்.

"கடைசியில சேத்துக்கிட்டேன் சாமி. அந்தப் புள்ளை என்னைப் பாத்த பார்வை இருக்கே."

சாமி சிரித்தார். ஆவுடையப்பனும் சிரித்தார். தம் சொல்லுக்குச் சாமி சிரிப்பதைக் கண்டு இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

சாமி நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஆவுடையப்பன் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

*

குருபூசை நாள் வந்தது.

சுற்றுவட்டாரமே மடத்தில் திரண்டிருந்தது. முற்றத்தில் பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் நீராடி, நீறணிந்து, உப்புச் சட்டியை நோக்கி நடந்தார்.

"ஐயா," என்றார் சாமி. "இன்னைக்குக் கொம்பையா போடட்டும்."

காய் நறுக்குவோரின் கத்திகள் ஒரு கணம் நின்றன.

ஆவுடையப்பன் சட்டியைக் கொம்பையாவின் கையில் கொடுத்தார். கொடுத்த கை நடுங்கவில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமிதம். பிறகு கொல்லைப்புறம் சென்று, வைக்கோற்போரின் மறைவில் நின்றார். அவன் போடுவதைக் கண்ணால் காண அவருக்கு மனமில்லை.

அங்கே நின்றபோதுதான் அந்த எண்ணம் தோன்றியது.

அவன் போட்டிருப்பான். அதன் மேல் இன்னொரு பங்கு விழுந்தால் போதும். வாயில் வைக்க முடியாது. ஊரே துப்பும். அவன் கை உப்புக் கை ஆகாது என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, நாக்கே சொல்லிவிடும்.

அவர் திரும்பி வந்தார். மேளம் வந்துவிட்டது என்று எல்லோரும் வாசலுக்கு ஓடியிருந்தனர். கொம்பையாவையும் காணவில்லை. உப்புச் சட்டி அடுப்பு மேடையில் தனியே இருந்தது.

ஆவுடையப்பன் அள்ளினார். போட்டார். துடுப்பால் ஒரு சுற்றுச் சுற்றினார். கையைக் கழுவிக்கொண்டு, மேளம் பார்க்கச் சென்றார்.

அண்டா சமாதிக்கு முன் சென்றது. தீபாராதனை நிகழ்ந்தது. பந்தி தொடங்கியது.

முதல் கவளத்தை எடுத்தவள் செல்லக்கனி. சந்தை முனையில் பூக்கடை வைத்திருப்பவள். ஆண்டுதோறும் பூசைக்கு மாலை கொண்டுவருபவள். உண்மையை உரக்கச் சொல்வதில் பெயர்பெற்றவள்.

ஆவுடையப்பன் தூணோரம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லக்கனி விழுங்கினாள். மற்றொரு கவளம் எடுத்தாள்.

"இன்னைக்குச் சாம்பார் ஸ்பெஷலால்லா இருக்கு," என்றாள். "உப்பு யாரு போட்டா?"

கொம்பையா என்றார்கள்.

"அதான பாத்தேன்," என்றாள் செல்லக்கனி.

ஆவுடையப்பன் சாம்பார் அண்டாவிடம் விரைந்தார். அண்டாவின் விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாவில் வைத்தார்.

உப்பு கச்சிதமாக இருந்தது.

*

கொம்பையா அவரைத் தேடி வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"ஐயா, நீங்க உப்புப் போட்டீயளா?"

ஆவுடையப்பன் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"உன் அண்டாவுல நான் எதுக்குக் கை வைக்கேன்?"

"நான் போடலை ஐயா."

அவன் நடந்ததைக் கூறினான். சட்டியைக் கையில் வாங்கியதும் உள்ளங்கை வேர்த்துவிட்டதாம். அளவு மறந்துபோயிற்றாம். ஐயாவிடமே கேட்டுவிடலாம் என்று சட்டியை மேடையில் வைத்துவிட்டு அவரைத் தேடினானாம். கிணற்றடியில் பார்த்தான், மாட்டுக்கொட்டிலில் பார்த்தான், எங்கும் இல்லை. திரும்பி வருவதற்குள் அண்டாவைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். சமாதிக்கு முன் வைத்த பின் யாரிடம் என்ன சொல்வது?

"உப்பில்லாத சாம்பாரை ஊருக்கே போட்டுட்டோம்னு மூலையில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். இப்போ எல்லாரும் நல்லா இருக்குங்காக. நானும் தின்னு பாத்தேன். உப்பு இருக்கு. யாரு போட்டா ஐயா?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் போட்டீர்கள் என்ற கேள்வி அடுத்து வரும்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார் ஆவுடையப்பன்.

கொம்பையா சாமியிடம் சென்று அதையே கூறினான். சாமி "அப்படியா?" என்றதோடு சரி. ஆனால் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்களின் காதில் அது விழுந்துவிட்டது.

பந்தி முடிவதற்குள் செய்தி தெருவுக்குப் போயிற்று. கொம்பையா உப்பே போடவில்லையாம். உப்பு தானாக இறங்கியதாம். ஆதிகுருவே வந்து போட்டாராம்.

மறுநாள் காலையிலேயே ஆட்கள் வரத் தொடங்கினர்.

குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்று ஒருவர் வந்தார். கடை ஓடவில்லை என்று ஒருவர் வந்தார். யாவரும் கையில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, கொம்பையாவின் கையால் ஒரு சிட்டிகை உப்புக் கேட்டனர். "சாதா உப்பு வேண்டாம், அந்த ஸ்பெஷல் உப்பு" என்று விளக்கமும் கூறினர்.

நான் ஒன்றும் செய்யவில்லை என்று கொம்பையா கும்பிட்டான். என்ன அடக்கம் என்று அவர்கள் திரும்பக் கும்பிட்டனர்.

அவன் மாட்டுக்கொட்டிலில் ஒளிந்தான். அங்கேயும் வந்தார்கள். மாட்டுக்குத் தீனி வைப்பதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவான். அதையும் விரதம் என்று பேசிக்கொண்டனர்.

ஆவுடையப்பன் தூணோரம் நின்று யாவற்றையும் பார்த்தார்.

அவர்கள் கும்பிடுவது அவர் உப்பை. அவர்கள் விழுவது அவன் காலில்.

தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறை அவர் தீங்கு செய்யப் புறப்பட்டார். அது அற்புதமாகிவிட்டது. அந்த அற்புதமும் அவன் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. களவு கொடுத்தவன் கூவவாவது கூவலாம். இவருக்கு அதற்கும் வாயில்லை.

பொறாமை சிலரை ஊமையாக்கும். அவரை அது பேசவைத்தது.

*

சில நாள் கழித்து ஒரு மதியப் பந்தியின்போது, கூடத்தின் நடுவில் வந்து நின்று, ஆவுடையப்பன் வகுப்பறைக் குரலில் கூறினார்:

"அந்த உப்பைப் போட்டது நான்."

உண்டுகொண்டிருந்தோர் நிமிர்ந்தனர்.

"கொம்பையா போடலை. ஆதிகுருவும் போடலை. யாரும் இல்லாத நேரம் பாத்து நான் அள்ளிப் போட்டேன். இந்தக் கையால."

வலக்கையை உயர்த்திக் காட்டினார்.

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தனர். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். உப்பு வாங்க வந்து பந்தியில் இருந்த செல்லக்கனி எழுந்து வந்தாள். அவள் குரலில் பரிவு மிகுந்திருந்தது.

"வாத்தியாரய்யா, வயித்தெரிச்சல் படாதீய. உங்க கையும் நல்ல கைதான். யாரு இல்லைன்னா?"

யாரோ சிரித்தார்கள். அடக்கிக்கொண்டே சிரித்தார்கள்.

"நான் உண்மையைச் சொல்லுதேன்மா."

"சரி, நீங்களே போட்டீய. உக்காந்து சாப்பிடுங்க. முகமெல்லாம் வாடிப்போச்சு."

ஒருவர் அவருக்கு இலை போட்டார். ஒருவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். வயதானால் இப்படித்தான் என்று எவரோ மெதுவாகக் கூறினார்.

ஆவுடையப்பன் உண்மையை மறைத்தபோது அற்புதத்தை நம்பியவர்கள் அவர்கள்.

*

சாமி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"என்னன்னு சொல்ல?"

"அந்த உப்பு என்னோடதுன்னு சொல்லுங்க."

"கொம்பையா போட வேண்டிய இடத்துல வாத்தியாரய்யா ஏன் போட்டாருன்னு கேப்பாங்களே."

ஆவுடையப்பன் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாளியிலிருந்து நீர் சொட்டும் ஓசை கேட்டது.

"கெடுக்கத்தான் சாமி. அவன் போட்டிருப்பான்னு நெனச்சு, மேல போட்டேன். வாயில வைக்க முடியாமப் போகட்டும்னு போட்டேன்."

சாமி துணியைப் பிழிந்தார். வியப்போ சினமோ அம்முகத்தில் இல்லை.

"அதையும் சேத்துச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

அத்தனை விரைவில் அச்சொல் வந்ததைக் கண்டு அவரே திடுக்கிட்டார். எனினும் நிறுத்த இயலவில்லை.

"கெடுக்க வந்தவன்னே சொல்லுங்க. என்னை வெளியே அனுப்பணும்னாலும் அனுப்புங்க. ஆனா உப்பு என்னோடதுன்னு சொல்லிட்டு அனுப்புங்க."

சாமி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். இரண்டடி நடந்தவர் நின்றார்.

"ஒரு சந்தேகம் ஐயா."

"சொல்லுங்க சாமி."

"கெடுக்கணும்னு வந்தீங்க. ஆளும் இல்லை. சட்டியையே கவுத்திருக்கலாம். ஏன் அளவாப் போட்டீங்க?"

ஆவுடையப்பன் கிணற்றுச் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

அண்டாவின் முன் நின்ற அந்தக் கணத்தை எண்ணிப் பார்த்தார். நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. பல் கடித்தபடி இருந்தது. கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. கை மட்டும் சட்டிக்குள் நுழைந்தது. அண்டாவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடுத்தது. ஒரு கல் கூடவில்லை. ஒரு கல் குறையவில்லை.

"கை அவ்வளவுதான் எடுத்துச்சு," என்றார்.

"அதுக்குக் கொம்பையாவைத் தெரியாது போல," என்றார் சாமி.

ஆவுடையப்பன் தம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். வேறொருவருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அப்பொழுது யாரோ ஓடிவரும் ஓசை கேட்டது. கொம்பையா வந்தான். மூச்சிரைத்தது.

"ஐயா, கூடத்துல சொன்னீயளாமே. நீங்களா போட்டீய?"

ஆவுடையப்பன் தலை குனிந்தார்.

"ஆமா. ஒருத்தரும் நம்பலை."

"நான் நம்புதேன் ஐயா."

"உன்னைக் கெடுக்கப் போட்டேன்டா."

கொம்பையா அதைச் செவிமடுத்ததாகவே தெரியவில்லை. கிணற்றடிக் கல்லில் பொத்தென்று அமர்ந்தான். முகத்தை இரு கைகளாலும் துடைத்தான். துடைக்கத் துடைக்க நீர் வந்துகொண்டே இருந்தது. ஆனால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பயந்து செத்தேன் ஐயா," என்றான். "இத்தனை பேரு இருக்கையில, கடவுள் என்னை மட்டும் தனியாப் பாத்துக்கிட்டு இருக்காரோன்னு."

சாமி தோள் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"பசிக்கு," என்றான் கொம்பையா.

ஆவுடையப்பன் குனிந்து அவன் தோளைத் தொட்டார்.

"எந்திரிடா. சோறு ஆறிடும்."